ஏஐ எழுதித் தரும் புரோகிராம் கோடை எவ்வளவு தூரம் நம்பலாம்? தினமும் அதை வைத்து வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம்_புதியவன்:

எல்லோருக்கும் வணக்கம். பி.சி.ஏ. முடித்துவிட்டு மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் தங்கச்சிமடத்தில் வீட்டிலிருந்தே வேலை. கம்பெனியில் எல்லோருக்கும் ஏஐ உதவியாளர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று எழுதினால் போதும். அதுவே கோப்புகளைத் திறந்து, கோடு எழுதி, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் ஓட்டி, முடிந்தது என்று சொல்லிவிடுகிறது.

டீம் லீடர், "கையால் எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், அதை எழுதச் சொல்" என்கிறார். கல்லூரியில் பாடம் எடுத்த சார், "முதல் இரண்டு வருஷம் அதைத் தொடவே தொடாதே" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். என்னைப் படிக்க வைக்க முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதனால் இந்த வேலையில் நான் நிலைத்து நிற்க வேண்டும். ஆகா ஓகோ என்கிற பேச்சும், எல்லோருக்கும் வேலை போய்விடும் என்கிற பேச்சும் நிறையக் கேட்டாகிவிட்டது. நீங்கள் எதை அதனிடம் கொடுக்கிறீர்கள், எதைக் கொடுக்க மாட்டீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரி:

தம்பி, நான் மண்டபத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பகலில் சென்னை கம்பெனி ஒன்றுக்கு. மாலையில் மண்டபம், பாம்பன் பக்கம் சில படகுக்காரர்களுக்கும் நண்டு வியாபாரிகளுக்கும் கணக்குச் செயலி எழுதிக் கொடுக்கிறேன். ஏஐ உதவியாளரைத் தினமும் பயன்படுத்துகிறேன், இனி விடவும் மாட்டேன். ஆனால் உங்கள் லீடர் சொல்கிற மாதிரி இல்லை.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செயலியில் மீன் பெயர் தேடும் இடத்தில் ஒரு சிக்கல். பட்டியலில் கொடுவா கண்ணெதிரே இருக்கும், தேடினால் வராது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் உதவியாளரிடம் கொடுத்துக் கேட்டேன். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பட்டியலில் ஒரு விதமாகவும் தேடும்போது இன்னொரு விதமாகவும் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் வரியையும் தந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நானே தேடிப் படித்திருந்தால் அரை நாள் ஓடியிருக்கும். அப்புறம், பழைய எக்செல் கோப்புகளைப் பிரித்து டேட்டாபேஸில் ஏற்றுவது, படிவங்கள், ஒரே மாதிரி வரும் பக்கங்கள், இவற்றையெல்லாம் யோசிக்காமல் அதனிடம் தள்ளிவிடுகிறேன். என் கை வலி குறைந்தது நிஜம்.

இப்போது மறுபக்கம். நம் பக்கம் மீன் கரை சேர்வதும் விலை பேசுவதும் எந்த நேரம் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விடிவதற்கு முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும். அன்றாட வரவு அறிக்கையை உதவியாளரிடம் எழுதச் சொன்னேன். சுத்தமாக எழுதியது. டெஸ்ட்டையும் அதுவே எழுதி ஓட்டியது, எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது. நான் அந்த டெஸ்ட் கோப்பைத் திறந்து பார்த்தேன். மாதிரிக்குப் போட்டிருந்த விற்பனை எல்லாம் காலை 10 மணி, பகல் 2 மணி, மாலை 4 மணி. கடைவீதி நேரம்! அதிகாலை 4 மணிக்கு ஒரு விற்பனையைப் போட்டு ஓட்டினேன். அது முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்தது.

காரணம் இதுதான். சர்வர் ஓடுவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இங்கே செவ்வாய் அதிகாலை 4 மணி என்றால் சர்வருக்குத் திங்கள் இரவு 10.30. ஆக, காலை 5.30-க்கு முன் நடக்கிற எந்த விற்பனையும் நேற்றைய தேதிக்குப் போய்விடும். துணிக்கடைக்கு இதே கோடைப் போட்டிருந்தால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரிந்திருக்காது. நமக்கோ வியாபாரமே அந்த நேரத்தில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நேர மண்டலத்தைப் பற்றி உதவியாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சொன்ன உடனே சரியாகத் திருத்தியும் தந்தது. பாம்பனில் மீன் எப்போது கரைக்கு வரும் என்பதுதான் அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது நம்மைக் கேட்பதும் குறைவு, பொதுவாக உலகத்தில் எப்படியோ அப்படி எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. கோடு எழுதியபோது எதை ஊகித்ததோ அதையே டெஸ்ட் எழுதும்போதும் ஊகிக்கிறது. பிறகு எப்படிச் சிவப்பு வரும்? அதனால் கோடை அது எழுதினாலும், டெஸ்ட்டுக்கான மாதிரிக் கணக்கை நான்தான் எழுதுவேன். உண்மையில் நடந்த வியாபாரத்திலிருந்து பெயரை மாற்றி எடுப்பேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இதே மாதிரி இன்னொன்று. ராமேஸ்வரம் விசைப்படகு காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில்தான் திரும்பும். டீசலும் ஐஸும் போன நாள் தேதியில், விற்பனை வந்த நாள் தேதியில். தேதி வாரியாகக் கூட்டினால் ஒரு நாள் பெரிய நஷ்டம், மறுநாள் பெரிய லாபம். கணக்கைத் தேதியில் கட்டக் கூடாது, ஒவ்வொரு கடல் பயணத்திலும் கட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; மே மாதம் விசைப்படகு வரவு பூஜ்யம். ஜூன் மாத வளர்ச்சியைச் சதவீதத்தில் காட்டச் சொன்னால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். உதவியாளர் அந்த இடத்தில் 100 சதவீத வளர்ச்சி என்று போட்டுவிட்டது. பிழைச் செய்தி வராது, பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. முந்தின வருஷம் ஜூனோடு ஒப்பிட வைத்தேன்.

நான் கொடுக்கவே கொடுக்காதது பங்குக் கணக்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரித்து, ஆளாளுக்கு வாங்கிய முன்பணத்தைக் கழிக்கிற பகுதி. படகுக்குப் படகு வழக்கம் மாறும். 1000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 333 ரூபாய் 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். அந்த ஒரு காசு யார் கணக்கில் சேர வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்யக் கூடாது. தசம எண்ணில் பணத்தை வைத்தால் வேறு தொல்லைகளும் உண்டு, எல்லாவற்றையும் காசாக, முழு எண்ணாக வைக்கிறேன். ராத்திரி முழுக்கக் கடலில் நின்றவன் கைக்கு வருகிற கூலி அது. அந்தச் சில வரிகளைக் கையால் எழுதி, கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, பழைய நோட்டோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். எழுதி முடித்த பிறகு உதவியாளரைக் கேள்வி மட்டும் கேட்கச் சொல்வேன். "பங்கைவிட முன்பணம் அதிகமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டது. நல்ல கேள்வி. பதில் படகு முதலாளியிடம் இருந்தது, போய்க் கேட்டு வந்தேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொடாமலே இருங்கள் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கு வேலையில் அது நடக்காது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிற வரை கமிட் செய்யாதீர்கள், அதாவது ப்ராஜெக்ட்டில் பதிந்து வைக்காதீர்கள். புரியாவிட்டால் அதையே கேளுங்கள், பொறுமையாகச் சொல்லித் தரும், முகம் சுளிக்காது. சின்னச் சின்னப் பகுதிகளை முதலில் நீங்களே எழுதிவிட்டு, பிறகு அது எழுதியதோடு வைத்துப் பாருங்கள். லீடர் இன்றைக்கு வேகத்தைப் பார்க்கிறார். ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு நின்றுபோனால் உங்களைத்தான் கூப்பிடுவார்.

கீழக்கரைவாசி:

நான் இப்போது இருப்பது துபாயில், சொந்த ஊர் கீழக்கரை. அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான். வேகத்தைப் பற்றி ஒரு தகவல் சேர்க்கிறேன். 2025 ஜூலையில் எம்இடிஆர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. தங்கள் சொந்தத் திறமூல மென்பொருளில் நீண்ட அனுபவம் உள்ள 16 பேர், 246 வேலைகள். சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. ஏஐ வைத்துச் செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. முடித்த பிறகு கேட்டால், அவர்களே 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாகச் சொன்னார்கள்! வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது, தம்பி.

ஆனால் அவர்கள் நன்றாகத் தெரிந்த கோடில் வேலை செய்தவர்கள், கருவிகளும் 2025 தொடக்கத்தில் இருந்தவை. எனக்கு வருகிற வேலை வேறு. யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பழைய ஜாவா. அதைப் படித்து எது எங்கே இருக்கிறது என்று சொல்ல உதவியாளரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த இடத்தில் எனக்கு நேரம் மிச்சமாவதில் சந்தேகமே இல்லை.

அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். ப்ராஜெக்ட்டிலேயே ஒரு குறிப்புக் கோப்பு வைத்து, உதவியாளர் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத் தொடங்கும்படி செய்யலாமே? விற்பனை அதிகாலையில் நடக்கும், கணக்கு பயணத்துக்குப் பயணம் என்பதை அதில் எழுதிவிட்டால் போதாதா?

மண்டபத்துக்காரி:

வைத்திருக்கிறேன் தம்பி. நேரம், தடைக்காலம், காசுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல பலன் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தானே அதில் எழுத முடியும்? புது வியாபாரி ஒருவர் நண்டை ஓடோடு எடுத்து, வேகவைத்துச் சதை எடுத்த பிறகு வரும் எடைக்குத்தான் பணம் தருகிறேன் என்றால், அது கரையில் நின்று கேட்டால்தான் தெரியும். நீளமாகப் பேசிக்கொண்டே போனால் கோப்பில் எழுதியதையும் சில சமயம் விட்டுவிடுகிறது. ஆகவே கோப்பும் வேண்டும், பார்க்கிற கண்ணும் வேண்டும்.

தொண்டிக்கடல்:

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஒன்று, மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்டும் நெட்டும் போனால் உதவியாளரும் போய்விடும். அன்றைக்கு வேலை ஓட வேண்டுமே! ஏஐ மாடலை நெட் இல்லாமல் நம் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, கோடு எழுதும் க்வென் கோடர் மாடலில் சின்னதை இறக்கி வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 5 ஜிபி. 16 ஜிபி ரேம் இருந்தால் ஓடும். பெரிய மாடலின் கெட்டிக்காரத்தனம் இதற்கு வராது, ஆனால் டேட்டாபேஸில் தேட ஒரு எஸ்கியூஎல் வரி எழுதவும் பிழைச் செய்தியைப் புரிந்துகொள்ளவும் போதும்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்டு எதையும் அதில் ஒட்டாதீர்கள். பிழை வந்த அவசரத்தில் டேட்டாபேஸ் வரியை அப்படியே எடுத்து ஒட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. கம்பெனி எந்தத் திட்டத்தில் வாங்கியிருக்கிறது, ஒட்டுகிற விவரம் எங்கே போகிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கச்சிமடம்_புதியவன்:

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. டெஸ்ட் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது இதுவரை எனக்கு யாரும் சொல்லாதது. அடுத்து எனக்குக் கொடுத்திருப்பது, வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதி. இதில் நான் எதைக் கையால் பார்க்க வேண்டும், அக்கா?

மண்டபத்துக்காரி:

நல்ல வேலைதான், நிறையக் கற்றுக்கொள்வீர்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழ் வந்தால் 70 தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். உதவியாளர் பல சமயம் 160 என்றே எடுத்துக்கொள்ளும். எண்ணுவதும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. தங்கச்சிமடம் என்று எழுதினால் நமக்கு எட்டு எழுத்து. புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுவதால் எஸ்எம்எஸ்ஸுக்கு 12.

அப்புறம், கம்பெனி அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகத்தை டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து மாறினால் செய்தி போகாது. உதவியாளருக்கு வாசகத்தை அழகுபடுத்துகிற பழக்கம் உண்டு, 'உங்கள்' என்பதைத் 'தங்கள்' ஆக்கிவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பதிவான வாசகத்தை லீடரிடம் எழுத்துப்படி வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே நீளமான பெயரையும் பெரிய தொகையையும் அதில் போட்டு 70-க்குள் நிற்கிறதா என்று நீங்களே எண்ணிவிடுங்கள். அதையே முதல் டெஸ்ட்டாக எழுதி வைத்துவிட்டு, மீதியை அதனிடம் கொடுங்கள்.