மூன்று என்ஜினோடு அட்லாண்டிக்கைத் தாண்டியது சரியா? (பிரிட்டிஷ் ஏர்வேஸ் 268, 2005)

கார்முகில்:
2005 பிப்ரவரி 20, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லண்டனுக்கு 350-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கிளம்பிய நாலு என்ஜின் போயிங் 747-400. தரையை விட்டு 300 அடிகூட ஏறவில்லை, இடது பக்கம் உடம்பை ஒட்டியிருந்த 2-ஆம் என்ஜின் சர்ஜ் ஆகி (உள்ளே காற்றோட்டம் தடுமாறி) நெருப்பைக் கக்கியது. கண்ட்ரோல் டவரில் இருந்தவர்களே பார்த்துச் சொன்னார்கள். விமானிகள் அதை அணைத்தார்கள். திரும்பி இறங்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கம்பெனியோடு பேசிவிட்டு அமெரிக்கா முழுவதையும் குறுக்கே கடந்து, அப்புறம் கடலையும் தாண்டினார்கள். லண்டன் எட்டவில்லை. எரிபொருள் கவலையில் அவசரநிலை அறிவித்து மான்செஸ்டரில் இறங்கினார்கள். இதை இன்றைக்கும் "விதிப்படி சரி" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாலு_என்ஜின்:
விதிப்படி சரிதான் நண்பரே. இரண்டு என்ஜின் விமானத்தில் ஒன்று போனால் பக்கத்தில் இருக்கும் தகுந்த விமான நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. மூன்றோ நான்கோ இருக்கும் விமானத்தில் ஒன்று போனால், அதே அளவு பாதுகாப்பு இருக்கும் என்று கேப்டன் நியாயமாக முடிவெடுத்தால் தொடரலாம் என்று அமெரிக்க நிறுவனங்களுக்கான விதியே சொல்கிறது. பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட கம்பெனி நடைமுறையும் அதுதான். இன்னொன்று, கிளம்பின உடனே லண்டன் வரைக்குமான எரிபொருளோடு திரும்பி இறங்குவதும் சும்மா இல்லை. டன் கணக்கில் வெளியே கொட்ட வேண்டும், அல்லது அதிக எடையோடு இறங்க வேண்டும். அவர்கள் நேராக லண்டன் என்று முடிவு கட்டவும் இல்லை, கிழக்குக் கரை வரை போய்ப் பார்த்துவிட்டு அங்கே முடிவெடுப்போம் என்றுதான் கிளம்பினார்கள். வழி நெடுக கீழே விமான நிலையங்கள்.

கார்முகில்:
கிழக்குக் கரை வரைக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும், அதற்கு அப்புறம்? மூன்று என்ஜினில் வேண்டிய உயரத்துக்கு ஏற முடியாது, தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஒரு பக்கம் இழுப்பதைச் சமாளிக்க ரட்டரை (வாலில் இருக்கும் திருப்புப் பலகையை) திருப்பியே வைத்திருப்பதால் அதற்கும் ஒரு விலை. நினைத்த காற்றும் கிடைக்கவில்லை. அணைந்த என்ஜினுக்கான டேங்கில் கிடந்த எரிபொருளை மற்ற என்ஜின்களுக்குக் கொண்டுவர முடியுமா என்ற சந்தேகமே கடைசியில் விமானிகளுக்கு வந்துவிட்டது! இருக்கிற எரிபொருளை எடுக்க முடியுமா என்று அட்லாண்டிக்கைத் தாண்டின பிறகா யோசிப்பது?

ஹேங்கர்_ராசா:
நான் பராமரிப்புப் பக்கம் இருப்பவன், நடுவில் ஒன்று சொல்கிறேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் உயர் அழுத்தக் கம்ப்ரஸரின் உறையில் தேய்மானம் அளவுக்கு மீறிப் போனதுதான் சர்ஜுக்குக் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். என்ஜினைப் பிரித்துப் பார்த்தபிறகு தெரிந்த விஷயம் இது. காக்பிட்டில் வெப்பம், அதிர்வு, சுழற்சி வேகம் தெரியும், உள்ளே எது கிழிந்தது, துண்டு எதுவும் பறந்து இறக்கையைத் தொட்டதா என்பது தெரியாது. நெருப்பு தெரிந்த என்ஜினை "அணைத்துவிட்டோம், முடிந்தது" என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாலு_என்ஜின்:
ராசா அண்ணே, மதிக்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு எல்லாவற்றையும் அலசிவிட்டு, பயணத்தைத் தொடர்ந்ததால் ஆபத்து குறிப்பிடும்படி கூடியதற்குச் சான்று இல்லை என்றுதானே எழுதியது. இறங்கும்போது குறைந்தபட்ச இருப்பைவிட அதிகமாகவே எரிபொருள் இருந்தது. டேங்க் விஷயத்தில் குழப்பம் இருந்தது உண்மை, அது பயிற்சியிலும் கையேட்டிலும் உள்ள ஓட்டை.

மதுரை_வானம்:
பணம்தான் காரணம், வேறென்ன. திரும்பி இறங்கிப் பயணம் ரத்தானால் இழப்பீடு கொடுக்க வேண்டுமே. ஐரோப்பாவில் பயணிகளுக்கு இழப்பீடு தரும் புது விதி 2005 பிப்ரவரி 17-இல்தான் அமலுக்கு வந்தது, மூன்றே நாள் கழித்து இது!

நாலு_என்ஜின்:
பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின, கம்பெனி மறுத்தது. அந்த விதி எழுத்தில் ரத்துக்கும், ஏறவிடாமல் மறுப்பதற்கும்தான் இழப்பீடு சொன்னது. நீண்ட தாமதத்துக்கும் உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2009-இல். தேதி ஒட்டி வந்ததை வைத்து விமானிகள் மேல் பழி போடாதீர்கள்.

கார்முகில்:
பணத்தை விடுங்கள், நான் அதைக் கிளப்பவே இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.ஏ., பறக்கத் தகுதியற்ற நிலையில் ஓட்டினீர்கள் என்று 25,000 டாலர் அபராதம் போடப் பார்த்தது. கம்பெனி நடைமுறையை மாற்றிக்கொள்வதாகச் சொன்னபிறகு 2006-இல் வழக்கைக் கைவிட்டார்கள். தப்பே இல்லையென்றால் எதற்கு மாற்ற வேண்டும்? அதே விமானம் சில நாளில் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மறுபடி ஒரு என்ஜினை அணைத்து, மறுபடி மூன்றோடு லண்டன் வந்தது. அப்படியென்றால் அது கேப்டன் அன்றைக்கு யோசித்து எடுத்த முடிவு இல்லை, கம்பெனியின் பழக்கம். விசாரணைப் பிரிவே, என்ஜின் அணைந்தபிறகு தொடர்வது பற்றிய கொள்கையை மறுபரிசீலனை செய்து நிறுவனங்களுக்குத் தெளிவான வழிகாட்டல் கொடுங்கள் என்று பரிந்துரை எழுதியது. "நியாயமான முடிவு" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு பெருங்கடலையே அடக்கிவிட முடியாது என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

நாலு_என்ஜின்:
அந்தப் பரிந்துரை நல்ல பரிந்துரை, அதை எதிர்க்கவில்லை. கரையை விட்டுக் கடலுக்குள் போகும் முன் எவ்வளவு எரிபொருள் கையில் இருக்க வேண்டும், எந்த டேங்கில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கலாம் என்று எண்ணாகவே எழுதி வையுங்கள் என்றால் உங்கள் பக்கம் வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் உடனே திரும்பாததே குற்றம் என்றால் வரமாட்டேன்.