மறு: 'டிஜெனரசி'க்குத் தமிழ்: சிதைவா, மிகைமையா?

> நம் கலைச்சொல் பட்டியலில் மரபுக்குறியின் டிஜெனரசிக்கு (ஒரே அமினோ அமிலத்துக்குப் பல குறிகள் இருப்பதற்கு) 'சிதைவு' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாங்க, இதில் எதுவும் சிதையவில்லை. மரபணுவின் மூன்றெழுத்துக் குறிதான் கோடான், மொத்தம் 64. மூன்று நிறுத்தத்துக்குப் போக மீதி 61ஐ, புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. லியூசின், செரின், ஆர்ஜினினுக்கு ஆளுக்கு ஆறு. மெத்தியோனினுக்கும் டிரிப்டோபானுக்கும் ஒவ்வொன்றுதான். தேவைக்கு மேல் குறி இருக்கிறது, அவ்வளவே. 'மிகைமை' போதும்.

(ஈரோடு)

> தேவைக்கு மேல் குறி இருக்கிறது, அவ்வளவே.

அங்கேதான் இடிக்குதுங்க. மிகை என்றால் எதை வைத்தாலும் ஒன்றுதான் என்றாகிவிடும். பொள்ளாச்சிக் கடையில் சீமாறு (துடைப்பம்) கேட்டால் உடனே கைக்கு வரும். நாகர்கோவில்காரர் அதையே வாரியல் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் முழிப்பார். பொருள் ஒன்று, புழக்கம் வேறு. ஆர்ஜினினுக்கான கோடான்களில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் மனித மரபணுக்களில் சாதாரணம். ஈ. கோலை பாக்டீரியாவில் அவற்றைப் படித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ மிகக் குறைவு. மனித மரபணுவை அப்படியே ஏற்றினால் புரதம் கட்டும் ரைபோசோம் அங்கே தயங்கும். அவை அடுத்தடுத்து வந்தால் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் நழுவிப் புரதம் பாதியில் அறும். அதே ஆர்ஜினினுக்கான சிஜிடி என்று மாற்றி எழுதணும், இல்லையேல் அந்த டிஆர்என்ஏவைக் கூடுதலாக உருவாக்கும் ஸ்ட்ரெய்னை (பாக்டீரியா வகையை) எடுக்கணும்.

நம்ம பக்கத்துப் பிடி பருத்தியையே பாருங்க. அதில் ஏற்றிய பேசிலஸ் பாக்டீரியாவின் பூச்சிகொல்லி மரபணுவில் ஏ, டி எழுத்துகள் மிகுதி. நடுவில் வரும் ஏஏடிஏஏஏவைச் செடி 'செய்தி முடிந்தது' என்று படித்து அங்கேயே வெட்டிவிடும். அமினோ அமில வரிசையைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றியபோது புகையிலை, தக்காளிச் செடிகளில் புரதம் 100 மடங்கு வரை கூடியது (1991). அதற்காக எல்லா இடத்திலும் புழக்கம் மிகுந்த ஒரே கோடானை அடைத்தாலும் வம்பு. அந்த டிஆர்என்ஏவுக்குத் தட்டுப்பாடு வரும், புரதம் சரியாக மடியாமல் கட்டிதட்டவும் கூடும்.

கிள்ளை, தத்தை, சுகம் மூன்றும் கிளிதான். திரிசொல்லில் இதை ஒருபொருள் குறித்த பல சொல் என்பார்கள். ஆகவே 'ஒருபொருட் பன்குறிமை'.

(பொள்ளாச்சி)

> ஒருபொருட் பன்குறிமை

பொருள் சரி, புணர்ச்சிதான் உதைக்கிறது. லகரம் னகரமாவது பன்மொழி, பன்முகம் போல மெல்லினத்துக்கு முன்னால். ககரம் வந்தால் பற்குறி. கடித்த தடம் ஆகிவிடும்! பல்கலை போல இயல்பாக விட்டு 'ஒருபொருட் பல்குறிமை' என்போம்.

நீளம் என்று 'ஒருபொருளை' வெட்டிவிடாதீர்கள். யானைக்கும் சங்குக்கும் வாரணம் என்பதுபோல, பலபொருள் ஒருசொல்லும் உயிரில் உண்டு. கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையில் சியூஜி கோடான் பெரும்பாலும் செரின், சுமார் 3 விழுக்காடு லியூசின். அதற்குப் பட்டியலில் தனிப் பதிவு வேண்டும்.

எடுத்துக்காட்டு வரிக்குப் பசுவும் பட்டாணியும் போதும். இரண்டின் எச்4 ஹிஸ்டோனும் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) 102 அமினோ அமிலங்களில் இரண்டே இடத்தில்தான் வேறுபடும். மரபணுக்களை ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கினால் மூன்றாம் எழுத்தில் வேற்றுமை வரிசையாக வரும்.

அடுத்தது கோடான் பயஸ், அதாவது ஒரே அமினோ அமிலத்துக்கான கோடான்களில் சில மட்டும் அதிகம் புழங்குவது. 'குறிச்சாய்வு' என்று வைத்தால் பொள்ளாச்சியார் சீமாறைத் தூக்கமாட்டாரே?

(கோவை)