பிட்எக்ஸ் செட் திடீரென்று ஊமையாகிறது, பின் லூஸா?

நாற்பது_மீட்டர்:
வணக்கம். பிட்எக்ஸ் என்ற ஹாம் ரேடியோ சர்க்யூட்டை வைத்து (ஹைதராபாத் அஷர் ஃபர்ஹானின் டிசைன்தான்) 40 மீட்டர் பேண்டுக்கு செட் ஒன்று கட்டியிருக்கிறேன். விஎஃப்ஓவுக்கு (ஸ்டேஷன் மாற்றும் பகுதி) ஆர்டுயினோ நானோவும், ஃப்ரீக்வென்சியை உண்டாக்கும் எஸ்ஐ5351 மாட்யூலும், இரண்டுக்கும் நடுவே சாதா ஜம்பர் ஒயர். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிடுகிறது. டயலைத் திருப்பினால் டிஸ்ப்ளேயில் எண் மாறுகிறது, ஆனால் ஒரு ஸ்டேஷனும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். பெட்டியை நகர்த்தினால் அதிகம் வருகிறது. மீட்டரின் பஸ்ஸர் வைத்துப் பார்த்தால் எல்லா ஒயரும் கத்துகிறது. எந்தப் பின் என்று எப்படிப் பிடிப்பது?

ஈய_வாசனை:
சார், ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது என்று சொன்னீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. எஸ்ஐ5351 தன் செட்டிங்கை எங்கும் நிரந்தரமாகச் சேமித்து வைக்காது, சப்ளை ஒரு கணம் அறுந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் பின் மறுபடி தொட்டாலும், ஆரம்பத்தில் நானோ எழுதியதைத் திரும்ப எழுதும் வரை அவுட்புட் வராது. நானோ கட்டளை அனுப்பும் எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர் விட்டிருந்தால் பழைய ஃப்ரீக்வென்சியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும், டயல் மட்டும் வேலை செய்யாது. அதனால் முதலில் மாட்யூலுக்குப் போகும் 5 வோல்ட், கிரவுண்ட் இரண்டையும் பாருங்கள். பஸ்ஸரை நம்பாதீர்கள், பல மீட்டர்களில் 30 ஓம் இருந்தாலும் கத்தும்.

பழைய_வால்வு:
மேலே சொன்னது சரி. செட் ஓடும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனை போர்டில் பின் சோல்டர் ஆன இடத்தில், மறுமுனை ஒயரின் செம்பில், அப்படியே ஒயரை மரக்குச்சியால் மெல்ல அசையுங்கள். ரீடிங் துள்ளினால் அதுதான். மாட்யூலின் பின் அடியில் லென்ஸ் வைத்தும் பாருங்கள், ஈயத்தில் பின்னைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிசல் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஃப்ளக்ஸ் போட்டு மறுபடி சூடாக்கினால் போதும். ஜம்பரின் பெண் பக்கத்தில் (பின் நுழையும் முனை) உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிட்டதா என்று தனி பின் ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். தானாக வழுக்கி விழுந்தால் அந்த ஒயரைத் தூக்கிப் போடுங்கள், நெருக்கி வளைத்துப் பிழைக்கவைக்க வேண்டாம், சில நாளில் திரும்ப விரியும். தகரப் பூச்சுள்ள பின் லேசான அசைவிலேயே உரசி ஆக்சைடு சேர்த்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்கலாம், உப்புத்தாள் மட்டும் வேண்டாம்.

நாற்பது_மீட்டர்:
நன்றி சார். கிரவுண்ட் ஒயரில்தான் ரீடிங் துள்ளுகிறது. ஃபைனலில் (டிரான்ஸ்மிட்டின் கடைசி பவர் நிலை) இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டும் இதே மாதிரி ஜம்பரில்தான் போகிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

பழைய_வால்வு:
கட்டாயம். டிரான்ஸ்மிட்டில் 2 ஆம்பியர் இழுத்தால் 0.2 ஓம் தொடுப்பில் 0.4 வோல்ட் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு வாட் அந்தச் சின்னத் தகட்டிலேயே சூடாகும். சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், எதிர்ப்பு இன்னும் ஏறும். அந்த லைனுக்குத் தடித்த ஒயரை நேராகப் போர்டில் சோல்டர் செய்துவிடுங்கள், கிரவுண்டும் அப்படியே, ஃபைனலின் கிரவுண்ட் கரண்ட் நானோ வழியாகத் திரும்பாமல். விஎஃப்ஓவுக்கு ரிலிமேட் கனெக்டர் போடுங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயரோடு கிரிம்ப் செய்தே கிடைக்கும், பூட்டு இருப்பதால் ஆட்டம் குறைவு. 73 (ஹாம் பாஷையில் வாழ்த்துகள்).