தனித்து வாழும் பெற்றோருக்கு உண்மையில் கைகொடுத்தவை: உறுப்பினர் அனுபவங்கள்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அப்பா காலமான பின்பும் அம்மா ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் நான் தொலைபேசியில் "மாத்திரை போட்டாச்சா அம்மா?" என்று கேட்பதும், அவர் "ஆச்சு, ஆச்சு" என்பதும் வழக்கமாகிவிட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலராக எங்கள் வீட்டுக்கு வருபவர் அடுத்த தெருப் பெண்மணி. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு மாத்திரைகளைக் கொடுத்துச் செல்வது அவருடைய பணி. நான் ஊரிலிருந்த ஒரு நாள் வந்தவர், பழைய அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காலை மாத்திரை அட்டை காலியாக இருந்தது. இரவு மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "என்ன பெரியம்மா, ராத்திரி மாத்திரைக்கு லீவா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்க, அதைப் போட்டால் விடியற்காலையில் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னார். அதுவரை என்னிடம் அதைப் பற்றி மூச்சுகூட விட்டதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அளவை மாற்றிக் கொடுத்தார். மாத்திரை வீட்டுக்கு வருவது வசதிதான் என்றாலும், அட்டையைப் புரட்டிப் பார்க்கிற ஒருவர் தவறாமல் படியேறி வருவதையே நான் பெரிய உதவியாகக் கருதுகிறேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

முந்தைய பதிவை ஏற்கிறேன். ஆனால் வீடு தேடி வருவதெல்லாம் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலிலேயே எடைபோட்டுத் தரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது, தனியே வசிக்கும் என் மாமியாருக்கு இனி அலைச்சல் இல்லை என்று மகிழ்ந்தோம். அவரோ, "கால் நடக்கிற மட்டும் நானே போய் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ரேஷன் கடை வரிசையில் நின்று நாலு பேருடன் ஊர்க்கதை பேசிவிட்டு, திரும்பும் வழியில் பூவும் வாங்கி வருவது அவருக்கு அந்த மாதத்தின் முக்கியமான வெளிநடமாட்டம். முழங்கால் வீங்கியிருந்த நாள்களில் மட்டும் வண்டியை எதிர்பார்த்தார். வீக்கம் வற்றியதும் மீண்டும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஓய்வூதியத்துக்கான டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் அவர் வாசலைத் தாண்ட விரும்புவதில்லை. ரேகை தேய்ந்துபோனதால் ஒரு கணினி மையத்தில் கருவி அவருடைய விரலை ஏற்கவே இல்லை. இப்போது தபால்காரரே வந்து, வெளிச்சம் படும்படி திண்ணையில் உட்காரச் சொல்லி, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை இமைக்கச் சொல்கிறார், வேலை முடிந்துவிடுகிறது. கட்டணம் 70 ரூபாய். தபால்காரருக்குத் தரும் காபி கணக்கில் வராது.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தந்தையைத் தனியே நடமாட வைத்தது பேருந்துதான். சென்னையில் வசிக்கும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்கு 10 இலவசப் பயண டோக்கன்களைத் தருகிறது. ஆறு மாதத்துக்கு உரியவற்றை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அம்மா இந்த டோக்கனைச் சட்டை செய்வதில்லை. அப்பா அதைச் சட்டைப்பையில் எண்ணி வைத்துக்கொண்டு, நூலகத்துக்கு எத்தனை, நண்பர் வீட்டுக்கு எத்தனை என்று பங்கு பிரிப்பார். அவருக்கு உண்மையான தடையாக இருந்தது காசு அல்ல, உயரமான படிக்கட்டு. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு, நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தணிவதைப் பார்த்து, "எனக்காகக் குனிகிறது பார்" என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் வழித்தடத்தில் அத்தகைய பேருந்து எப்போதாவதுதான் வருகிறது என்பதால், மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அதற்காகவே காத்திருக்கிறார்.

முன்பு எழுதிய தென்காசி உறுப்பினர்:

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. ஓய்வூதியம், சட்டப் பாதுகாப்பு, கைவிடப்பட்டோரை மீட்பது ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, மனம்விட்டுப் பேசவும் அழைக்கலாம். கைபேசியில் எண்ணைத் தேடத் தெரியாத அம்மாவுக்காக, அதைப் பெரிய எழுத்தில் நாள்காட்டி அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.