மோனாட் என்ற சொல் இல்லாமல் மோனாட் படிப்பிப்பது எப்படி?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொக்குவிலில் ஏ.எல். முடித்த 6 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஹாஸ்கெல் என்ற நிரலாக்க மொழி சொல்லிக்கொடுக்கிறேன். மேப், ஃபில்டர் இரண்டும் ஒரே நாளில் விளங்கிவிட்டன. மீன் விலைப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு விலையிலும் 100 ரூபாய் கூட்டு, 1500க்கு மேலே உள்ளதை மட்டும் எடு என்றதும் தாங்களாகவே எழுதினார்கள். அடுத்த கிழமை ஃபங்டர் (மேப் போடக்கூடிய எதற்கும் உள்ள பொதுப்பெயர்), மோனாட் (ஒரு படியின் விடையை அடுத்த படிக்குக் கொடுத்துக் கோர்க்கிற முறை) என்று பலகையில் எழுதினேன். நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒரு பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு, "இதுக்கு மேத்ஸ் படிச்சிருக்க வேணுமோ அண்ணா?" என்று கேட்டாள்.

மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஃபங்டர் என்பது 1940களில் கணிதவியலாளர்கள் ஐலன்பெர்க்கும் மக் லேனும் கணிதத்துக்காக எடுத்த சொல், மோனாடும் அதே கணிதத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அந்தக் கணிதம் தெரியாமலே 2014இல் வந்த ஜாவா 8இல், மதிப்பு இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று காட்டுகிற ஆப்ஷனலுக்கு, அடுத்த படியைக் கோர்க்கிற ஃபிளாட்மேப் போட்டு எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்கிறார்கள். விடை இல்லாமலும் போகலாம், இருந்தால் அடுத்த படிக்குப் போ, இல்லாவிட்டால் அங்கேயே நில். ஹாஸ்கெலில் ஆப்ஷனலைப் போன்ற மேபி மோனாட் செய்வது இவ்வளவுதான்.

சொல்லை ஒரேயடியாக ஒளிக்கவும் முடியாது, ஹாஸ்கெல் கம்பைலரின் பிழைச் செய்தியிலேயே அது வந்து நிற்கும். சரி, அப்படியென்றால் எந்தக் கட்டத்தில் அதை அறிமுகப்படுத்தினீர்கள்? மேபிக்கு அப்புறம் எந்த உதாரணம் எடுத்தீர்கள்? தமிழில் நீங்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து, பிள்ளைகளுக்கு விளங்கிய சொல் ஏதும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வருகிற சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.