17 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டம்: மலையகத்தார் நேரில் கண்டவை

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்

இளையோர் சர்வதேசப் போட்டியை நேரில் பார்த்தவர்கள் எழுதலாம் என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் பையன்களுக்குப் பந்து பழக்குகிறேன். 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டதால் அணியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று பஸ் இறங்க இறங்க சுவெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பைக்குள் போயின.

ரேஸ்கோர்ஸ் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்கிய இடம். இதையெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தேன். உள்ளே போனதும் பையன்கள் பழைய பார்வையாளர் மாடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. புல்லைத்தான் பார்த்தார்கள். "எவ்வளவு சமதரையாக இருக்கிறது சேர்" என்றான் எங்கள் கோல்காப்பாளன். மலையில் பந்து விளையாடியவர்களுக்கு அவன் சொன்னது விளங்கும். எங்கள் மைதானம் சரிவை வெட்டி எடுத்தது. கீழ்ப்பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தேயிலை. பந்து அதற்குள் விழுந்தால் அடுத்த வடிகான்வரை உருண்டுவிடும். அதனால் ஒருவன் எப்போதும் தேயிலைக்குள்ளேயே நிற்பான். மழை விட்ட நாளில் அவன் காலெல்லாம் அட்டை ஏறியிருக்கும். பனி இறங்கினால் மேல் கோலிலிருந்து பார்க்கக் கீழ்க் கோல் தெரியாது. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இறுதிப் போட்டி இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும். 4ஆவது நிமிடத்திலேயே இந்தியா கோல் போட்டது. பங்களாதேஷ் சமன் செய்தது. இடைவேளைக்கு முன்பே இந்தியா மறுபடி முந்தியது. அவ்வளவுதான் என்று நினைத்திருந்த வேளையில், உபாதையீடு நேரத்தில் பங்களாதேஷ் 2-2 ஆக்கிவிட்டது. கடைசியில் தண்ட உதைகளில் 4-1 என்று கிண்ணம் இந்தியாவுக்குப் போனது. நம் இலங்கை அணி இறுதிவரை வரவில்லை. ஆனாலும் எங்கள் பையன்கள் தொண்டை கட்டும்வரை இரண்டு பக்கத்துக்கும் கத்தினார்கள்.

இடைவேளையில் நான் அவர்களுக்கு மணிப்பூரைப் பற்றிச் சொன்னேன். 2017இல் இந்தியா 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை நடத்தியபோது, 21 பேர் கொண்ட அதன் அணியில் 8 பேர் மலைகள் சூழ்ந்த அந்தச் சிறிய மாநிலத்துப் பையன்கள். கொலம்பியாவுக்கு எதிராக 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கோணர் உதையைத் தலையால் முட்டி, அந்த உலகக் கிண்ணத்தில் இந்தியாவின் முதல் கோலைப் போட்ட ஜீக்சன் சிங் அவர்களில் ஒருவர். அடுத்த நிமிடமே கொலம்பியா திருப்பி அடித்து 2-1 என்று வென்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அப்போது எங்கள் இடது விங் பையன், பங்களாதேஷின் உயரமான ஒரு வீரரைக் காட்டி, "அவருக்கு 17 தாண்டவில்லை என்று எப்படிச் சேர் தெரியும்?" என்று கேட்டான். 2009இல் நைஜீரியாவில் நடந்த உலகக் கிண்ணத்திலிருந்து, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா, வீரர்களின் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது என்று விளக்கினேன். முன்கை எலும்பின் நுனியில் வளரும் பகுதி ஒன்று உண்டு. வயது ஏற ஏற அது எலும்போடு சேர்ந்து மூடிக்கொள்ளும். முழுக்க மூடியிருந்தால் ஆள் 17ஐத் தாண்டியவர் என்பது ஏறக்குறைய நிச்சயம். போட்டியை நடத்திய நைஜீரியாவே அந்த ஆண்டு பல வீரர்களை இப்படி இழந்தது. மிச்சப் பேரோடு இறுதிவரை போய் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது.

அவன் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் கையையும் அப்படி எடுத்துப் பார்த்தால் நம்புவார்களா சேர்?"

இந்தப் பையனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் ஆண்டு பிழையாக விழுந்திருக்கிறது. பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டில் ஒரு திகதி, பத்திரத்தில் இன்னொரு திகதி. வயதுப் பிரிவுத் தெரிவுக்குப் போன இடத்தில் பத்திரத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்துவதற்காக அவனுடைய அம்மா அலுவலகம் ஏறும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. பதில் என்னவோ "அடுத்த கிழமை வாருங்கள்" என்பதுதான். ஸ்கேன் வயது கூடியவனைப் பிடித்துக் கொடுக்கும். ஒருவன் பிறந்த திகதியை அது சொல்லாது. அதைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். 2025 உலகக் கிண்ணத்துக்கு எல்லை 2008 ஜனவரி 1. அதற்கு முதல்நாள் பிறந்தவனுக்குக்கூட இடமில்லை. அவ்வளவு கறாரான கோட்டுக்கு முன்னால் பிழையான பத்திரத்தோடு நிற்கும் பிள்ளை என்ன செய்வான்? ஆடித் தோற்று வெளியே வந்தால் தோளில் தட்டி அழைத்து வருவேன். ஆடுவதற்கு முன்பே ஒரு காகிதத்தைக் காட்டி வெளியே அனுப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டோஹாவிலிருந்து, சொந்த ஊர் மஸ்கெலியா

மாஸ்டர் எழுதியதை வேலை இடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் கட்டார் வந்து சில வருடங்கள் ஆகின்றன. சின்ன வயதில் தேயிலைக்குள் நின்று பந்து பொறுக்கியவன்தான் நானும்.

2025 நவம்பரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் இங்கே நடந்தது. முன்பு 24 அணிகள். இந்த முறை 48. இனி ஒவ்வொரு வருடமும் நடக்கும், 2029 வரை கட்டாரில்தான். அஸ்பயர் வளாகத்தில் மைதானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று முடிந்தால் நடந்தே அடுத்ததற்குப் போகலாம். பெரியவர்களின் உலகக் கிண்ணத்துக்கு இப்படிக் கோட்டோரத்தில் போய் நிற்க யாருக்குக் கிடைக்கும்?

நான் பார்த்ததில் மறக்க முடியாதது மொரோக்கோவும் நியூ கலிடோனியாவும் ஆடியது. 16-0. இந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. என் பக்கத்தில் இருந்தவர்கள் கோலை எண்ணி எண்ணிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியூ கலிடோனியா பசுபிக் கடலில் பிரான்சின் ஆட்சிக்குக் கீழுள்ள ஒரு தீவுக்கூட்டம். மொத்தச் சனமும் மூன்று லட்சத்துக்குக் குறைவு. அந்தப் பிள்ளைகள் 16 கோல் வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் கொடியோடு வரிசையாக வந்து நின்றார்கள், முதுகில் இலக்கம் இருந்தது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத்தான் போனார்கள். நம்முடைய மலைப் பிள்ளை ஒருவன் அப்படி ஒரு மைதானத்தில் நின்று 16 கோல் வாங்கினாலும் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இறுதிப் போட்டி 27ஆம் திகதி. போகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஊரில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும். வீட்டுக்கு அழைப்பு போகவில்லை. இரவு முழுவதும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். போர்த்துக்கல் ஒஸ்ட்ரியாவை 1-0 என்று வென்றது பிறகுதான் தெரியும். வீட்டார் தப்பிவிட்டார்கள். நாங்கள் இருந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதி போய்விட்டது. தம்பியின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்த தகரப் பெட்டியும் மண்ணோடு போனது. அதனால்தான் மாஸ்டர் எழுதியது எனக்கு இவ்வளவு பட்டது.

பண்டாரவளையிலிருந்து, பதிவுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்

தம்பி, பத்திரம் தொலைந்ததற்காகக் கலங்க வேண்டாம். பதிவு செய்த பிறப்பு என்றால் மூலப்பதிவு அலுவலகத்தில் இருக்கும், பிரதி எடுக்கலாம். பழைய பிரதியின் புகைப்படம் யாருடைய போனிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடுவது சுலபம். டித்வா புயலுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

மாஸ்டரின் பையனுடையது வேறு விஷயம். பிழையான திகதியைத் திருத்த அதைவிடப் பழைய சாட்சி வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட கிளினிக் அட்டை, பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவு, தோட்ட மருந்தகத்தில் இருந்தால் அங்குள்ள பதிவேடு, இவற்றில் எது கிடைத்தாலும் பிரதி எடுத்து ஒன்றாகக் கொண்டுபோங்கள். அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள். ஆசிரியர் ஒருவர் கூடப் போனால், அதுவும் சிங்களத்தில் பேசக்கூடியவராக இருந்தால், "அடுத்த கிழமை" என்ற பேச்சு குறையும். இத்தனை வருடம் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து அதே ஆசிரியர்

மிக்க நன்றி அக்கா. கிளினிக் அட்டை அவனுடைய பாட்டி வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியவந்தது. வரும் செவ்வாய்க்கிழமை நானே அவனையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். மஸ்கெலியாத் தம்பி, விடுமுறையில் வரும்போது ஐந்தாம் நம்பர் பந்து ஒன்று கொண்டுவர முடியுமானால் கொண்டுவாருங்கள். இருப்பது தோல் உரிந்துபோனது. உங்கள் தம்பிக்கு விளையாட விருப்பம் இருந்தால் அவனையும் அனுப்புங்கள். பத்திரம் வரும்வரை பயிற்சிக்கு எந்தத் தடையும் இல்லை.