ஒரே ஒரு வகுப்பில் செய்து பார்த்ததை மாநாட்டுக்கு அனுப்பலாமா?

முதலாண்டு_வகுப்பு எழுதியது:

வணக்கம். முதலாண்டு அறிவியல் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இது நான்காவது வருடம். இதுவரை எந்த மாநாட்டிலும் கட்டுரை வாசித்ததில்லை. பார்வையாளராகப் போனதே ஒரு முறைதான்.

போன பருவத்தில் ஒன்று செய்து பார்த்தேன். ஆய்வக அறிக்கையில் 'முடிவுகளும் விவாதமும்' பகுதியை மாணவர்கள் எழுதித் தருவார்கள். வழக்கமாகச் சிவப்பு மையில் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுப்பேன். பெரும்பாலானவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இந்த முறை குறிப்பே எழுதவில்லை. ஒவ்வொரு தாளையும் எதிரில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து, அந்தந்த மாணவருக்கு அனுப்பினேன். "இரண்டாவது பத்தியைப் பாருங்க. வெப்பநிலை ஏற ஏற என்ன ஆச்சுன்னு சொல்லிட்டீங்க. அது எதைக் காட்டுதுன்னு சொல்லாமலே அடுத்த படத்துக்குப் போயிட்டீங்க." இந்த மாதிரி.

58 பேரில் 39 பேர் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வகுப்பில் 61 பேரில் 14 பேர்தான். இரண்டு முறையும் கட்டாயம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. நான்கே நாளில் எல்லாருக்கும் பதிவு போய்விட்டது.

இதை ஆய்வுச் சுருக்கமாக எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "யாருக்கு, எதைச் செய்தார்கள் என்று தெரியவில்லை." என் சுருக்கம் இப்படித் தொடங்கும்: "உலகமயமாதல் சூழலில் உயர்கல்வியில் ஆங்கிலத்தின் முக்கியத்துவம் நாளுக்கு நாள் பெருகிவருகிறது. மாணவர்கள் தாய்மொழியாளருக்கு நிகராக எழுதும் திறனைப் பெறுவது இன்றியமையாதது. பின்னூட்டம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது."

அப்புறம் போன வாரம் வேறொரு மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அதே சுருக்கத்தை அப்படியே அனுப்பினேன். இரண்டே நாளில் 'ஏற்கப்பட்டது' என்று பதில். இந்த வாரத்துக்குள் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். "சான்றிதழ் கிடைக்கும், போய்விட்டு வாங்க" என்கிறார்கள் துறையில். எனக்கு மனது ஒப்பவில்லை. ஒரு வகுப்பில் ஒரு பருவம் செய்து பார்த்ததெல்லாம் மாநாட்டில் பேசும் அளவுக்கு ஒரு விஷயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நூலகவாசி எழுதியது:

கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி அழைப்புகளைக் கொண்டுவந்து காட்டி "இது சரியான மாநாடுதானா?" என்று கேட்பவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு. நான் முதலில் பார்ப்பது தலைப்புகளின் பட்டியலை. மொழி கற்பித்தல், இயந்திரப் பொறியியல், செவிலியம், வணிகவியல் எல்லாம் ஒரே மாநாட்டில் ஒரே நாளில் என்றால் உங்கள் சுருக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வாய்ப்பில்லை. ஒரு இடத்தில் யாருக்கு எதைச் செய்தார்கள் என்று புரியவில்லை என்று திரும்பி வந்த சுருக்கம், இன்னொரு இடத்தில் ஒரு கேள்விகூட இல்லாமல் 2 நாளில் ஏற்கப்பட்டிருக்கிறது. படிக்கவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குழுவில் யார் யார் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் இரண்டு பேராசிரியர்களுக்கு அவர்களுடைய பல்கலைக்கழக முகவரியிலேயே எழுதி, "இந்த மாநாட்டோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?" என்று கேளுங்கள். போன வருடம் ஒரு ஆய்வு மாணவிக்காக நானே எழுதிக் கேட்டேன். தன் பெயர் அங்கே இருப்பதே அந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016ல் ஒரு பதிப்பு, மாநாட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயரைக் காட்டி மாநாடுகளை விளம்பரப்படுத்தியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. மாநாடுகளைச் சரிபார்க்க 'திங்க் செக் அட்டெண்ட்' என்று ஒரு கேள்விப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. கட்டணம் கட்டும் முன் அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் ஆய்வு நல்லதா இல்லையா என்பதை மொழித்துறைக்காரர்கள் சொல்லட்டும்.

---

சாக்பீஸ் எழுதியது:

மேடம், தாராளமாக அனுப்புங்கள். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்ட அந்த மாநாட்டுக்கு இல்லை, நூலகவாசி சார் சொன்னது சரி. உங்களை நிராகரித்தார்களே, அந்த மாதிரி மாநாட்டுக்கு அனுப்புங்கள். ஒரு வரி என்றாலும் அவர் படித்துவிட்டு எழுதிய வரி.

பல்கலைக்கழக மொழி மையத்தில் 22 வருடம் ஆகிறது எனக்கு. கடந்த 9 வருடமாக மாநாடுகளுக்கு வரும் சுருக்கங்களைப் படித்து மதிப்பிட்டும் வருகிறேன். ஒரு வகுப்பு, ஒரு பருவம், 58 மாணவர்கள் என்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்கள். உயர்கல்வியில் மொழி கற்பிப்பவர்களின் மாநாடுகள் நடப்பதே இந்த மாதிரி வேலைகளை வைத்துத்தான். பிரிட்டனில் 'பேலீப்' என்ற ஆசிரியர் அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் 1972ல், "நம் வகுப்புக்கு ஏற்ற பாடம் இல்லையே" என்று ஒன்றுகூடியதில் தொடங்கியது. ஐரோப்பியப் பல்கலைக்கழக மொழி மையங்களின் கூட்டமைப்பான 'செர்க்கிள்ஸ்' 1991ல் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறது. 2011லிருந்து சொந்தமாக ஆய்விதழும் நடத்துகிறது. வகுப்பறைக்காரர்கள் வகுப்பறைக்காரர்களிடம் பேசும் இடங்கள் இவை. 1964லிருந்து நடக்கும் 'ஐலா' உலக மாநாடு வேறு மாதிரி. பயன்பாட்டு மொழியியல் முழுவதும் அதில் அடக்கம், ஒரே நேரத்தில் எத்தனையோ அறைகளில் அமர்வு நடக்கும். முதல் முறை பேசுபவர் அங்கே கூட்டத்தில் கரைந்துபோவார். முதலில் உங்கள் வேலையைச் செய்கிறவர்கள் கூடும் இடத்துக்குப் போங்கள்.

இனி சுருக்கம். நீங்கள் இங்கே எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகு உங்கள் சுருக்கத்தின் மூன்று வாக்கியங்களையும் படித்தேன். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று தோன்றியது. கேள்வியில் சிவப்பு மை இருக்கிறது, மடித்து வைத்த தாள் இருக்கிறது, 14 பேர் இருக்கிறார்கள், 39 பேர் இருக்கிறார்கள். சுருக்கத்தில் உலகமயமாதல்தான் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையில் மூன்று நகர்வுகள் இருக்கும் என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990ல் எழுதினார்: களத்தைக் காட்டுவது, அதில் விடுபட்ட இடத்தைக் காட்டுவது, அந்த இடத்தை நாம் நிரப்புவது. மாணவர்களுக்கு நாமே இதைச் சொல்லித் தருகிறோம். நமக்கென்று எழுதும்போது 300 சொல்லில் 200ஐ முதல் நகர்விலேயே செலவழித்துவிடுகிறோம். என்னிடம் வரும் சுருக்கங்களில் பாதிக்குப் பாதி இப்படித்தான்.

'தாய்மொழியாளருக்கு நிகராக' என்பதையும் எடுத்துவிடுங்கள். மதிப்பிடுபவர் முகம் சுளிக்கும் இடம் அது. மொழித்திறனைப் படிநிலைகளாக அளக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகம் 2001ல் வந்தது. அதற்கு 2020ல் வந்த துணைத் தொகுதியின் விவரணைகளில் அந்த அளவுகோலையே நீக்கிவிட்டார்கள். உங்கள் மாணவர்களுக்குத் தேவை, அளவீடு எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிவது. அதைத்தானே பதிவில் சொன்னீர்கள்?

அடுத்துச் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். நான்கு நாளில் எல்லாருக்கும் பதிவு போய்விட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு மைக் குறிப்புகளைத் திருப்பித் தர எத்தனை நாள் ஆயிற்று? 39 பேர் திருத்தி எழுதியது உங்கள் குரலைக் கேட்டதாலா, எழுதியது மறக்கும் முன்னே பின்னூட்டம் கிடைத்ததாலா? மாநாட்டில் யாராவது எழுந்து இதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் மாநாட்டில் சொல்வளம் பற்றிப் பேசினேன். ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்ட கல்விப்புலச் சொற்பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 570 சொற்குடும்பங்கள். அதிலிருந்து வாரம் 10 சொல். ஒரு குழு பொருளை மட்டும் படித்தது. இன்னொரு குழு ஒவ்வொரு சொல்லுக்கும் தன் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம் எழுதியது. எழுதிய குழு பருவக் கடைசித் தேர்வில் நன்றாக முந்தியது. ரொம்பச் சந்தோஷமாகப் பேசி முடித்தேன். அறையில் 11 பேர். மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மா, பேசும்போதெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தவர், கையைத் தூக்கினார். "வாக்கியம் எழுதியவர்கள் ஒரு சொல்லோடு எத்தனை நிமிடம் இருந்தார்கள்? மற்றவர்கள் எத்தனை நிமிடம்?"

நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "பார்க்கவில்லை மேடம்" என்றேன். "பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்" என்று சொல்லித் தன் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த பருவம் இரண்டு குழுவுக்கும் நேரத்தைச் சமமாக்கினேன். வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் போய்விடவில்லை. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்தை இன்றைக்கும் நம்பி வகுப்பில் பயன்படுத்துகிறேன். அவருக்கு எழுதினேன், பதிலும் வந்தது, அதில் இன்னும் இரண்டு கேள்வி. அந்தக் கேள்வியை என் கல்லூரியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லவில்லை. அதே வேலையைச் செய்து அதே இடத்தில் இடறியவருக்குத்தான் அது தோன்றும். மாநாட்டுக்குப் போவது அதற்காக. சான்றிதழ் இருக்கட்டும், அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்றுகூட எனக்கு நினைவில்லை.

---

முதலாண்டு_வகுப்பு எழுதியது:

சார், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 16 நாள் ஆகியிருக்கிறது. அதற்குள் அடுத்த ஆய்வக அறிக்கையையே எழுத ஆரம்பித்திருப்பார்கள். பின்னே யார் பழையதைத் திருத்துவார்கள்? இது இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

வரும் பருவத்தில் இரண்டு பிரிவு எனக்கு. ஒன்றுக்குக் குரல், ஒன்றுக்கு எழுத்து, இரண்டும் நான்கே நாளில். அதுவரை காத்திருப்பதா, இப்போதே அனுப்புவதா என்று யோசிக்கிறேன். சுருக்கத்தின் தொடக்கத்தை மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"பின்னூட்டம் தந்த பிறகும் முதலாண்டு அறிவியல் மாணவர்கள் பலர் தங்கள் ஆய்வக அறிக்கையைத் திருத்துவதில்லை. ஒரு பருவத்தில் 58 மாணவர்களுக்கு எழுத்துக் குறிப்புக்குப் பதிலாக மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பினோம். 39 பேர் தாமாகத் திருத்தி எழுதினர். முந்தைய வகுப்பில் 61 பேரில் 14 பேர். ஆனால் குரல்பதிவு 4 நாளிலும் எழுத்துக் குறிப்பு 16 நாளிலும் மாணவரை அடைந்தன. காரணம் குரலா, வேகமா என்பதை இந்த உரை விவாதிக்கிறது."

அந்த மாநாட்டுக்குக் கட்டணம் கட்டவில்லை. குழுவில் இருந்த இருவருக்கு எழுதியிருக்கிறேன்.

---

மூன்றுமடிப்பு எழுதியது:

இப்போதே அனுப்புங்கள். பலவீனத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், இனி அதை யாரும் குறை என்று சுட்ட முடியாது. அதைப் பற்றிப் பேசத்தான் முடியும்.

உரையாக இல்லாமல் போஸ்டராகக் கேட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. நான் மூன்று முறை உரை, இரண்டு முறை போஸ்டர் செய்திருக்கிறேன். உரை என்றால் 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி. தலைவர் மணி பார்க்க ஆரம்பித்தால் கேள்வி நேரம்தான் முதலில் போகும். போஸ்டர் பக்கத்தில் நின்றால் ஒருவரோடு கால் மணி நேரம்கூடப் பேசலாம். ஏ0 தாளில், 841க்கு 1189 மில்லிமீட்டர், நடுவில் ஒரு மாணவரின் பத்தி, திருத்தும் முன்னும் பின்னும். பக்கத்தில் ஹெட்போன் வைத்து அந்தப் பத்திக்கு நீங்கள் பேசிய பதிவைக் கேட்க விடுங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மாணவரின் எழுத்தைக் காட்டுவதற்கு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதிவில் அவர் பெயர் வந்தால் வெட்டிவிடுங்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எந்த மாணவருக்கும் வாய் வராது. உங்கள் நிறுவனத்தில் ஆய்வு நெறிக்குழு இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை.

---

சாக்பீஸ் எழுதியது:

தொடக்கம் பிரமாதம் மேடம். என்னிடம் வந்திருந்தால் அப்போதே 'சரி' போட்டிருப்பேன். 'விவாதிக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், இரண்டு பிரிவிலும் நாளைச் சமமாக்கி வரும் பருவம் செய்யப்போவதையும் ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று. 39 பேரைப் பற்றியே பேசுகிறோம். மீதி 19 பேர்?

---

முதலாண்டு_வகுப்பு எழுதியது:

அந்த 19 பேரில் மூன்று பேரை இன்று மதியம் பார்த்தேன், கேட்டும் விட்டேன். இரண்டு பேர் வேறு தேர்வு இருந்தது, நேரமில்லை என்றார்கள். மூன்றாவது பெண் கொஞ்சம் தயங்கினாள். பதிவைத் திறக்கவே இல்லையாம். "எழுத்துல இருந்தா கண்ணை ஓட்டி, எவ்வளவு தப்புன்னு முதல்ல பார்த்துக்குவேன் மேடம். உங்க குரல்ல என்ன வரப்போகுதுன்னு தெரியாம கேட்கப் பயமா இருந்துச்சு" என்றாள்.

வரும் பருவம் ஒவ்வொரு பதிவோடும் இரண்டு வரி எழுதி அனுப்பப் போகிறேன். அவள் சொன்னதைப் போஸ்டரில் போடலாமா என்று கேட்டேன். பெயர் இல்லாமல் போடுங்கள் என்றாள். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.